கடலுக்குத் தூம்பு இல்லை

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் பலர் நம்புவதில்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 40 கிலோமீட்டருக்கு நீளும் கரை அது. எதிரே இருப்பது பாக் விரிகுடா. சராசரி ஆழம் ஒன்பது, பத்து மீட்டர்தான். நன்றாக வளர்ந்த தென்னையை அதன் மிக ஆழமான இடத்தில் கொண்டுபோய் நட்டாலும் ஓலை வெளியே ஆடும். ராமேஸ்வரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். பேரலை இல்லை, சேறு உண்டு, கடல்புல் உண்டு, அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு உண்டு.

இப்படிப்பட்ட கரையில் நின்றுகொண்டு நான்காயிரம் மீட்டர் ஆழத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனால் அந்த ஆழத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய பொருள்கள் எல்லாம் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. ஒன்று ஊரணி. இன்னொன்று கண்மாய்க் கலிங்கு. மூன்றாவது, தினம் இரண்டு முறை கோட்டைப்பட்டினத்துக் கரையில் ஏறி இறங்கும் ஓதம்.

சித்திரை வெயிலில் ஊரணியில் இறங்கியவர்களுக்குத் தெரியும். மார்புவரை வெதுவெதுப்பு, பாதத்தில் சில்லிப்பு. சூடான தண்ணீர் கனம் குறைவு, மேலே நிற்கும். குளிர்ந்தது கனம், கீழே கிடக்கும். யாராவது குதித்துக் கலக்கினால் ஒழிய இரண்டும் சேராது. கடலும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. உப்பும் கனத்தைக் கூட்டும் என்பது மட்டும் கூடுதல் சங்கதி.

இதை முதலில் அளந்து எழுதியவர்களில் ஒருவர் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். 1751-இல் அட்லாண்டிக் கடலில், அடிமைகளை ஏற்றும் கப்பல் ஒன்றில் போய்க்கொண்டிருந்தார். மூடி வைத்த ஒரு வாளியை ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம்வரை இறக்கித் தண்ணீர் மொண்டார். மேலே தண்ணீர் 29 டிகிரி. வாளியில் வந்தது 12 டிகிரி. அந்தத் தண்ணீரில் அவர் குளித்தார், ஒயினைக் குளிரவைத்துக் குடித்தார். கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு சொட்டு கிடைத்ததாக அவர் எழுதவில்லை. 2005-இல் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் லட்சத்தீவின் கவரத்தியில் இதே குளிர்ச்சியை வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்நீரால் ஆவியைத் தண்ணீராக்கி, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கிறார்கள்.

சரி, வெயில் கொளுத்தும் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர் எங்கிருந்து வந்தது? துருவத்திலிருந்து. அண்டார்டிகாவின் ஓரங்களில் கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. மிஞ்சும் தண்ணீர் குளிரும் உப்புமாகக் கனத்து, சரிவில் வழிந்து கடலடிக்குப் போய், அங்கிருந்து வடக்கே ஊர்கிறது. ஓட்டம் என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவான நகர்வு. வங்கக்கடலில் 3,000 மீட்டர் ஆழத்தில் இன்று கிடக்கும் ஒன்றரை டிகிரித் தண்ணீர் வெயில் பார்த்துப் பல நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அட்லாண்டிக்கும் பசிபிக்கும் வடக்கே நீண்டு, குறுகலாகவேனும் ஆர்க்டிக் கடலோடு சேர்கின்றன. இந்தியப் பெருங்கடல் அப்படியல்ல. வடக்கே ஆசியாக் கண்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. தெற்கிலிருந்து அடியில் வரும் தண்ணீருக்கு இது முட்டுச்சந்து. எங்கள் மாவட்டத்துக் கண்மாய்களில் குமிழித் தூம்பு உண்டு. பழைய தூம்புத் தூண்களில் கல்வெட்டுகூட இருக்கும். நீரோடித் துளை வழியாகத் தண்ணீரும், அதற்குக் கீழே சேறோடித் துளை வழியாக வண்டலும் கண்மாயின் அடியிலிருந்தே வெளியேறும். கடலுக்கு அப்படியொரு தூம்பு இல்லை. பின்னால் வந்துகொண்டே இருக்கும் குளிர்நீர் முன்னால் வந்ததைத் தள்ளும். முன்னால் வந்தது மேலே ஏறித்தான் ஆகவேண்டும். நடு ஆழம்வரை ஏறிவிட்டால் அது தெற்கே திரும்பிப் போக வழி உண்டு. அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் பெருங்காற்று அதை மேற்பரப்புக்கு இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நடு ஆழம்வரை ஏற்றுவது யார்?

கனமான பொருள் தானாக ஏறாது. ஏற வேண்டுமானால் கனம் குறைய வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். சூடு இருப்பதோ மேலே. அடுப்பைப் பானைக்கு மேலே கவிழ்த்து வைத்தால் சோறு வேகுமா? கடலைச் சூரியன் சூடாக்குவது அப்படித்தான்; மேல்தோல் மட்டும் காயும். மேலே உள்ள சூட்டை யாராவது கீழே கொண்டுபோய்க் கலந்தால்தான் அடித்தண்ணீர் இளகி எழும். நன்னாரி சர்பத் கேட்டால் கடைக்காரர் கண்ணாடித் தம்ளரில் முதலில் சாற்றை ஊற்றுவார், பிறகு எலுமிச்சையும் தண்ணீரும். கரண்டி போடாமல் வைத்தால் சாறு அடியிலேயே கிடக்கும். கடலுக்குள் கரண்டி எது என்பதுதான் கேள்வி.

1966-இல் அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். கட்டுரைக்கு அவர் வைத்த பெயரே சமையல் குறிப்பு என்ற பொருளில்தான் இருந்தது. தண்ணீர் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு, அதாவது ஆண்டுக்கு நான்கு மீட்டர் அளவுக்கு ஏறினால் கணக்கு நேராகும் என்றார். அந்த வேகத்துக்கு எவ்வளவு கலக்கல் தேவை என்றும் சொன்னார். பிறகு கடலில் போய் அளந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 1992-இல் வட அட்லாண்டிக்கில் 300 மீட்டர் ஆழத்தில் சல்பர் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயுவை விட்டு, அது மேலும் கீழும் எவ்வளவு பரவுகிறது என்று மாதக்கணக்கில் தேடிப் பார்த்தார்கள். மங்க் கேட்டதில் பத்தில் ஒரு பங்குதான் தேறியது. கரண்டி வேலை செய்கிறது, ஆனால் அவர்கள் தேடிய இடத்தில் இல்லை.

நடுக்கடலின் வெட்டவெளியில் இல்லையென்றால் வேறெங்கே? அடியில் பார்த்தார்கள். 1990களின் நடுவில் பிரேசிலுக்கு எதிரே உள்ள படுகையில் ஒரு கருவியை மேலிருந்து கடலடிவரை விழவிட்டுச் சோதித்தார்கள். சென்டிமீட்டர் அளவு சுழிப்பைக்கூட உணரக்கூடிய கருவி அது. படுகையின் மேற்குப் பக்கம் தரை வழவழப்பு. அங்கே தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் கரடுமுரடான சரிவுகள். அங்கே தரையை நெருங்க நெருங்கக் கலக்கல் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஏறியது. 1997-இல் இந்த முடிவு அச்சில் வந்தது. கரண்டி கடலடி மலைகள்தான்.

மலை எப்படிக் கலக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த ஒரு நாளில் கலிங்கு பாய்வதைப் போய்ப் பாருங்கள். கண்மாய்க்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். கலிங்கின் மேல் மெல்லிய தகடாக வழியும். தாண்டியதும், கீழே விழுந்த இடத்தில்தான் குமுறல், நுரை, சுழி. ஓட்டத்தின் நடுவே ஒரு தடை இருந்தால், தடைக்கு முன்னால் அமைதியாகவும் பின்னால் கலங்கியும் ஓடுவது தண்ணீரின் குணம். கடலடி முகட்டைத் தாண்டும் குளிர்நீரும் மறுபக்கச் சரிவில் அப்படியே விழுந்து புரள்கிறது. என்ன, கலிங்கில் விழும் தண்ணீருக்கு மேலே காற்று. கடலில் அதைவிடச் சற்றே இளகிய இன்னொரு தண்ணீர். அதனால் எல்லாம் பெரிதாகவும் நிதானமாகவும் நடக்கும். ஒரு புரளல் நூறு மீட்டர் உயரம்கூட இருக்கலாம்.

கலிங்கில் ஓட்டம் ஒரே பக்கம். கடலில் ஓட்டத்தைத் தருவது பெரும்பாலும் ஓதம். கோட்டைப்பட்டினத்தில் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கும் அதே ஓதம். கரையில் நமக்குத் தெரிவது தண்ணீர் மட்டம் ஒரு மீட்டருக்கும் குறைவாக உயர்ந்து தாழ்வது மட்டும். உண்மையில் நிலா இழுக்கும்போது அசைவது அடிவரை உள்ள மொத்தத் தண்ணீரும். அது மலைமேல் ஏறும், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். ஏறும்போது அடிக்குளிர்நீரை முகட்டுக்குத் தூக்கிவிடும். தூக்கப்பட்ட கனம் விழும். விழுந்த வேகத்தில் அடுக்குகளுக்கு நடுவே ஒரு அலை கிளம்பும். இதை உள்ளலை என்று சொல்லலாம். மேலே கடல் சமமாக இருக்கும்போதே உள்ளே ஐம்பது, அறுபது மீட்டர் உயரத்துக்கு அலை போய்க்கொண்டிருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் கனத்தில் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் அலையைக் கீழே இழுக்கும் விசையும் குறைவு. அதனால்தான் அவ்வளவு உயரம், அவ்வளவு மெதுவான நடை.

இந்த உள்ளலைகளுக்கு உலகப் புகழ்பெற்ற இடங்களில் ஒன்று நமக்குக் கிழக்கே, அந்தமான் கடல். அந்தமான், நிகோபார் தீவுகள் என்று நாம் வரைபடத்தில் பார்ப்பது பெரிய கடலடி மலைத்தொடர் ஒன்றின் உச்சிகள் மட்டுமே. தீவுக்கும் தீவுக்கும் இடையிலான கால்வாய்களில் ஓதம் முகடுகளின் மேல் ஏறி இறங்குகிறது. 1970களில் அங்கே எண்ணெய்க்காக ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் துளைபோட்ட கப்பலை, அமைதியான கடலில் திடீரென்று ஒரு நீரோட்டம் பிடித்துத் தள்ளியது. காரணம் தேடிய ஆஸ்போர்ன், பர்ச் என்ற இருவர் 1980-இல் எழுதிய கட்டுரைதான் அந்தமான் உள்ளலைகளை உலகுக்குச் சொன்னது. உயரம் அறுபது மீட்டர் அளவு. மேலே அதற்கு ஒரே அடையாளம், கிலோமீட்டர்கணக்கில் நீளும் பட்டையாகச் சலசலக்கும் சிற்றலைகள். செயற்கைக்கோள் படத்தில் அவை வில்வில்லாகத் தெரிகின்றன.

புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இந்தப் பட்டைகளின் மேல் போய்வந்திருக்கக்கூடும். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. வங்கக்கடலிலிருந்து பினாங்குக்குப் போகும் வழி பெரிய நிகோபாருக்கும் சுமத்திராவுக்கும் நடுவில். உள்ளலைகள் கிளம்பும் வாசல்களில் அதுவும் ஒன்று. வட்டிக்கடைக்கும் தோட்டத்துக்கும் போனவர்களுக்கு ஊர் நினைப்பே போதுமான கலக்கம்; கடலுக்குள் என்ன கலங்குகிறது என்று பார்க்கவா தோன்றியிருக்கும்?

அந்த அலைகள் கிழக்கே போய்த் தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் மோதி உடைகின்றன. உடையும்போது ஆழத்துக் குளிர்நீரைப் பவளப்பாறைமேல் தெளிக்கின்றன. 2010-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, இந்தக் குளிர் விழும் மேற்குப் பக்கத்துப் பவளங்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை.

ஆக மலை இருக்கிறது, ஓதம் இருக்கிறது, கலக்கலும் இருக்கிறது. தண்ணீர் ஏற வேண்டியதுதானே என்று தோன்றும். இல்லை. இந்த இடத்தில் கடலியலாளர்களே சில காலம் தடுமாறினார்கள். கடலடிக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு குடம் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தரையை நெருங்க நெருங்கக் கலக்கல் கூடுகிறது. எனவே அந்தக் குடம் மேலே உள்ள சூட்டு நீரோடு கலப்பதைவிடக் கீழே உள்ள குளிர்நீரோடுதான் அதிகம் கலக்கும். விளைவு, அது இன்னும் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்! ஏற வேண்டிய தண்ணீரைக் கலக்கலே இறக்குகிறது.

அப்படியானால் ஏறுவது எது? தரையை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய படலம். அதற்குக் கீழே குளிர்நீர் இல்லை, பாறைதான். கலந்தால் மேலே இருப்பதோடு மட்டுமே கலக்க முடியும். ஆகவே அது சூடாகும், இளகும், சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஊரும். சமதரையில் இது நடக்காது, சாய்வு வேண்டும். 2016-ஐ ஒட்டிக் கடலியலாளர் ரஃபேல் ஃபெராரி முதலியவர்கள் இதைக் கணக்காகக் காட்டினார்கள். கடல் முழுக்க நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் சீராக ஏறுகிறது என்ற மங்கின் படம் இதோடு மாறிவிட்டது. பெரும்பகுதி இறங்குகிறது, மலைச்சரிவுகளில் ஒரு மெல்லிய ஓடை அதைவிட வேகமாக ஏறுகிறது, இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் அந்த ஒரு சென்டிமீட்டர்.

கணக்கு சரி, கண்ணால் பார்க்க வேண்டாமா? 2021-இல் அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கில், தரைக்குப் பத்து மீட்டர் மேலே பச்சைச் சாயம் ஒரு பீப்பாய் அளவு விட்டார்கள். சாயம் சரிவோரமாக நாளொன்றுக்கு நூறு மீட்டர் வேகத்தில் ஏறியது. மங்க் சொன்ன சராசரியைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு. 2024-இல் வெளியான இந்த முடிவுதான், சரிவில் தண்ணீர் ஏறுவதை நேரடியாகக் காட்டிய முதல் சான்று. ஒரு பள்ளத்தாக்கை வைத்து உலகக் கடலுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அளந்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இனி நம் கடலுக்கு வருவோம். வங்கக்கடலின் அடி கரடுமுரடாக இருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இங்கே கொட்டியிருக்கின்றன. வங்க வண்டல் விசிறி என்று அதற்குப் பெயர். 3,000 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 16 கிலோமீட்டர் தடிமன். அடியில் மலைத்தொடர்கள் இல்லாமல் இல்லை. எண்பத்தைந்து பாகைக் கிழக்கு முகடு வங்கக்கடலில் முழுக்கவே வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. கண்மாயில் மண்மேடிட்டால் கொள்ளளவு போகும் என்று நாம் கவலைப்படுவோம். கடலில் மண்மேடிட்டால் கரண்டி போய்விடுகிறது. சாணி மெழுகிய தரை மாதிரி வழவழவென்று கிடக்கும் அந்த அடியில் ஓதம் தடுக்கி விழ ஒன்றும் இல்லை.

கரடு இருப்பது ஓரங்களிலும் தெற்கிலும். தொண்ணூறு பாகைக் கிழக்கு முகடு என்று ஒரு மலைத்தொடர், தீர்க்கரேகையோடு ஒட்டி வடக்கு தெற்காகச் சுமார் 5,000 கிலோமீட்டர் நேர்கோடாக ஓடுகிறது. அண்டார்டிகாவிலிருந்து வரும் அடித்தண்ணீர் அதன் கிழக்கே ஆஸ்திரேலியப் பக்கம் தேங்கி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 10 பாகையிலும் 5 பாகையிலும் முகடு தாழ்ந்த இடங்களில் மேற்கே வழிகிறது. கடலியலாளர் ப்ரூஸ் வாரன் போன்றவர்கள் தண்ணீரின் குளிரை அளந்து அளந்து இந்த வழிகளைக் கண்டுபிடித்தார்கள். அசல் கலிங்கு அது. வங்கக்கடலின் அடியில் கிடப்பது அங்கே விழுந்து கலங்கி வந்த தண்ணீர்.

அந்தமான் கடலில் இதற்கு எதிர்மாறு. அது 4,000 மீட்டருக்கும் மேல் ஆழமான கண்மாய். ஆனால் உள்ளே வரும் வழிகளில் முகடு அதில் பாதி ஆழத்துக்கும் மேலே நிற்கிறது. வெளியே இருக்கும் ஒன்றரை டிகிரித் தண்ணீரால் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. சுவர் உயரத்துக்கு மேலே இருப்பது மட்டும் உள்ளே விழும். அதனால் அந்தமான் கடலில் 3,000 மீட்டர் ஆழத்திலும் சுமார் 5 டிகிரி. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆழத்தில் மூன்றரை டிகிரி வித்தியாசம்.

இத்தனைக்கும் செலவாகும் ஆற்றல் யார் கணக்கில்? நிலா கணக்கில்தான் பெரும்பகுதி. உலகக் கடல்களில் ஓதம் தேய்ந்து இழக்கும் ஆற்றல் சுமார் 35 லட்சம் மெகாவாட். இதில் பெரும்பங்கு ஆழமில்லாத கரைக்கடல்களில், தரையில் உரசியே போகிறது. செயற்கைக்கோள் அளவைகளை வைத்து எக்பர்ட், ரே என்ற இருவர் 2000-இல் கண்டது, சுமார் பத்து லட்சம் மெகாவாட் ஆழ்கடலில், அதுவும் கரடான மலைகளின் மேல் செலவாகிறது என்பது. இந்தியாவின் மின் நிலையங்கள் எல்லாவற்றின் நிறுவுதிறனும் சேர்ந்து 2025-இல் ஐந்து லட்சம் மெகாவாட்டைத்தான் தாண்டியது. இந்தச் செலவுக்கு ஈடாக நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. 1969 முதல் விண்வெளி வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியடித்து அளந்த கணக்கு இது. பாக் விரிகுடாவின் சேற்றைக் கலக்கும் ஓதமும் அந்தச் செலவில் தன் சிறு பங்கை எழுதிக்கொண்டிருக்கிறது.

கடலடியில் எங்கெங்கே கரடு என்பதே இன்னும் சரியாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. கப்பலில் ஒலியனுப்பி நேராக அளந்தது 2025 கணக்கில் உலகக் கடலடியில் சுமார் 27 சதவீதம். மற்றதெல்லாம், மலை இருக்கும் இடத்தில் ஈர்ப்பு கூடி மேலே கடல் மட்டம் கொஞ்சம் புடைப்பதைச் செயற்கைக்கோளிலிருந்து பார்த்துப் போட்ட மதிப்பீடு. சின்ன மலைகள் அதில் அகப்படாது. தண்ணீர் ஏறுகிற சரிவுகள் அவற்றிலும் இருக்கும்.

அந்தமான் முகட்டில் கிளம்பும் உள்ளலைகள் கிழக்கே மட்டும் போவதில்லை, மேற்கேயும் வருகின்றன. நொடிக்கு இரண்டரை, மூன்று மீட்டர் நடை. வங்கக்கடலைக் குறுக்கே கடந்து இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழ்நாட்டுக் கரையையும் நெருங்க ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். கோடியக்கரைக்கு வெளியே கடல் மேடேறும் சரிவில் மோதி, புரண்டு, அங்கேயே உடைகின்றன. மணமேல்குடிவரை வந்து சேர அவற்றுக்கு ஆழம் போதாது.